கழுத்துக் கத்தி

கழுத்துக் கத்தி என்பது கயிற்றிலோ சங்கிலியிலோ கோத்து மார்பின்மேல் தொங்கவிடப்படும், மடக்க முடியாத சிறிய உறைக் கத்தி. அலகு பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. வரை இருக்கும். உறையோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருந்தால்தான் நாள் முழுதும் உறுத்தாமல் அணிய முடியும். கைப்பிடி கீழ்நோக்கியும் அலகின் முனை மேல்நோக்கியும் இருக்குமாறு தலைகீழாகத் தொங்குவது இதன் வழக்கமான அமைப்பு. கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, பழம் நறுக்குவது, குச்சி சீவுவது போன்ற சில்லறை வேலைகளுக்கான கருவி இது. இதை ஆயுதமாக எண்ணி வாங்குவது தவறு, ஆபத்தும்கூட.

தலைகீழாகத் தொங்கும் கத்தியைத் தாங்கி நிற்பது உறையின் பிடிப்பு ஒன்றுதான். அதனால் கழுத்துக் கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் உறையையும், அடுத்து கயிற்றையும், அதன் பிறகே எஃகையும் பார்க்க வேண்டும். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி எஃகின் பெயரையே முன்னிறுத்துகின்றன.

வரலாறு

கத்தியைக் கழுத்தில் அணிவது புதிய பழக்கம் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த பழங்குடி மக்கள், ஐரோப்பிய வணிகர்களிடம் பண்டமாற்றாகப் பெற்ற கத்திகளைத் தோல் உறையிலிட்டு மார்பில் அணிந்தனர். முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயமேற்றிக் கோலமிட்ட அத்தகைய உறைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இப்போதைய கழுத்துக் கத்தி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. அதற்கு வழிவிட்டது கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகடு. சூடாக்கினால் இளகி, அழுத்தினால் கத்தியின் வடிவத்தை அப்படியே ஏற்று, ஆறியதும் விறைத்துக்கொள்ளும் பொருள் அது. பொத்தானோ வாரோ இல்லாமல் கத்தியைக் கவ்விப் பிடிக்கும் உறையை அதனால் மலிவாகச் செய்ய முடிந்தது.

உறை

நல்ல உறையில் கத்தியைச் செருகும்போது கடைசியில் ‘டக்’ என்ற ஓசையுடன் அமர வேண்டும். கடையிலோ வீட்டிலோ செய்து பார்க்கக்கூடிய சோதனை எளிது. உறையின் மேல்நுனியைப் பிடித்து, கைப்பிடி கீழே இருக்க, மெத்தைக்கு மேலாக 20 முறை பலமாக உதற வேண்டும். கத்தி நழுவினாலும், உறைக்குள் கடகடவென ஆடினாலும் அதை வாங்கக் கூடாது. புதிதாக இருக்கும்போதே ஆடுகிற உறை, பழகப் பழக மேலும் தளரும்.

பிடிப்பு மிகுதியாக இருப்பதும் குறைதான். வெடுக்கென்று பிடுங்க வேண்டியிருந்தால், வெளியே வந்த வேகத்தில் அலகு எங்கே போகும் என்பது கையின் கட்டுப்பாட்டில் இருக்காது. கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றி மெல்லத் தள்ளும்போது பிடி விட வேண்டும். அதன் பிறகு கத்தி கீழ்நோக்கி, உடலை விட்டு விலகி வர வேண்டும். திரும்பச் செருகும்போது உறையைக் கயிற்றோடு மார்பிலிருந்து முன்னே இழுத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே செருகுவதுதான் பாதுகாப்பு.

தோல் உறை பார்வைக்கு அழகானது. ஆனால் மார்பில் வழியும் வியர்வையை அது உறிஞ்சி, உப்போடு கூடிய ஈரத்தை அலகை ஒட்டியே வைத்திருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களுக்குப் பிளாஸ்டிக் உறையே ஏற்றது. அதிலும் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கயிறு

பல கத்திகளோடு பாராகார்ட் எனப்படும் பாராசூட் கயிறு தரப்படுகிறது. இதன் பரவலான வகை 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ இழுவிசையைத் தாங்கக்கூடியது. கழுத்தில் மாட்டும் கயிற்றுக்கு இந்த வலு தேவையில்லை, உயிருக்கே ஆபத்தானதும்கூட. மரக்கிளையிலோ வண்டியிலோ சுழலும் இயந்திரத்திலோ சிக்கினால் கயிறு அறுந்துவிட வேண்டும். கழுத்து இறுகக் கூடாது. ராணுவ அடையாளத் தகடுகளுக்குப் பயன்படும் மணிச் சங்கிலியோ, இழுத்தால் தானே விடுபடும் கொக்கியோ பொருத்திக்கொள்வது கட்டாயம். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மிதிவண்டி ஓட்டும்போதும், பாறை ஏறும்போதும், இயந்திரத்தின் அருகே நிற்கும்போதும் கத்தியைக் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். குப்புற விழுந்தால் நெஞ்செலும்புக்கும் தரைக்கும் இடையில் சிக்குவது இதுதான்.

அலகும் கைப்பிடியும்

அலகு தடித்தால் உறுதி கூடும். வெட்டும் திறன் குறையும். ஒரு கேரட்டை 2 மி.மீ. தடிப்புள்ள கத்தியால் நறுக்கினால் அலகு வழுக்கிக்கொண்டு இறங்கும். 4 மி.மீ. தடிப்புள்ள கத்தியோ ஆப்பு போல நுழைந்து, கத்தியின் வாய் அடியைத் தொடுமுன்பே கேரட்டைப் படாரெனப் பிளந்துவிடும். அன்றாட வேலைக்கு 2 முதல் 3 மி.மீ. போதும். மூடி நெம்புவதற்கும் ஆணி பிடுங்குவதற்கும் கத்தியைப் பயன்படுத்தாதவருக்கு அதற்கு மேல் தடிப்பு வேண்டியதில்லை.

கைப்பிடியில் மூன்று விரல்களாவது முழுமையாக அடங்க வேண்டும். கட்டைவிரல் நீளமே உள்ள கைப்பிடி, ஈரக்கையில் சுழன்றுவிடும். ஆள்காட்டி விரல் முன்னே வழுக்கி வாயின்மேல் ஏறாதபடி ஒரு பள்ளமோ தடுப்போ இருப்பது அவசியம். அலகும் கைப்பிடிக்குள் செல்லும் காம்பும் ஒரே துண்டாக இருப்பதால், மடக்குக் கத்தியைப் போல மூட்டு தளர்வதும் இடுக்கில் அழுக்கு சேர்வதும் இதில் இல்லை. குழாயடியில் காட்டிக் கழுவித் துடைத்தால் போதும்.

எஃகு

எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு என வகைப்படுத்தப்படுகிறது. வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லும் பாத்திரங்களும் இந்த இனம்தான். ஆனால் கத்திக்கான எஃகில் கார்பன் கூடுதலாக இருப்பதால் அதைக் கடினமாக்க முடிகிறது. துருப்பிடிக்காதது என்றாலும், வியர்வையின் உப்பு நாள்கணக்கில் தங்கினால் இதிலும் புள்ளி விழும்.

மலிவான கழுத்துக் கத்திகளில் சில எஃகுகள் அடிக்கடி வருகின்றன. சுவீடனின் 12சி27 எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, குரோமியம் 13.5 விழுக்காடு; வாய் நுண்மையாக அமையும், சாணை எளிதில் ஏறும். சீனாவின் 8சிஆர்13எம்ஓவி அதற்கு அடுத்த நிலையில் வைத்து நம்பக்கூடியது. 1095 என்ற கார்பன் எஃகு நல்ல உறுதியும் கூர்மையும் தரும். ஆனால் துரு விரைவில் ஏறும் என்பதால் மார்பில் அணிவோர் நாள்தோறும் துடைக்க வேண்டும். டி2 நீண்ட நாள் கூர் தாங்கும்; தீட்டுவது சிரமம்.

பெயரைவிட முக்கியமானது பதம். ஒரே எஃகு, ஒரு பட்டறையில் சரியாகச் சூடேற்றித் துவைச்சல் போட்டால் நல்ல கத்தியாகும். மற்றொன்றில் பதம் தவறினால் வாய் மடங்கும் அல்லது உதிரும். ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரையிலான கடினத்தன்மை இவ்வகைக் கத்திக்குப் பொருந்தும். இதை வாங்குபவர் அளந்து பார்க்க முடியாது. பல ஆண்டுகளாக ஒரே தரத்தில் செய்துவரும் தயாரிப்பாளரைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

மோராக்னிவ் எல்ட்ரிஸ்: சுவீடனின் டாலார்னா மாகாணத்தில் உள்ள மோரா, நூற்றாண்டுகளாகக் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1891இல் தொடங்கிய ஃபிரோஸ்ட்ஸ் பட்டறையும் 1912இல் தொடங்கிய கே. ஜே. எரிக்சன் பட்டறையும் 2005இல் ஒன்றாயின. அந்த நிறுவனமே இன்றைய மோராக்னிவ். எல்ட்ரிஸின் அலகு 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தடிப்பு 2 மி.மீ.; எஃகு 12சி27. கைப்பிடி உருண்டு, கை நிறையப் பிடிக்கக்கூடியது. உறையில் எந்தப் பக்கமாகவும் செருகலாம். கழுத்தில் அணிவதற்கான தொகுப்பில் பூட்டு வார் ஒன்றும் வருகிறது. அதைப் பூட்டிவிட்டால் கத்தி நழுவும் கவலை இல்லை.

எசீ இசுலா: அமெரிக்கத் தயாரிப்பு. கடுமையாகக் கொட்டும் தென் அமெரிக்க எறும்பின் பெயரைத் தாங்கியது. 1095 எஃகு, ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்பு. முரட்டு வேலைக்கு ஏற்றது, சமையலறைக்கு ஏற்றதல்ல. அலகின்மேல் பூச்சு உண்டு, வாயில் இல்லை. துரு தொடங்குவது அங்கேதான்.

சிஆர்கேடி மினிமலிஸ்ட்: ஆலன் ஃபோல்ட்ஸ் வடிவமைத்தது. கைப்பிடி சிறியது என்றாலும் விரல்களுக்கென ஆழமான பள்ளங்கள் இருப்பதால் பிடி வழுக்காது. 5சிஆர்15எம்ஓவி எஃகு துருவை நன்கு தாங்கும். அடிக்கடி சாணை கேட்கும்.

சட்டம்

சிறிய கத்தி என்பதாலேயே எங்கும் அனுமதி உண்டு என்று கருதக் கூடாது. எல்ட்ரிஸ் பிறந்த சுவீடனிலேயே, 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருக்க முடியாது. பிரிட்டனில் காரணம் கேட்காமல் அனுமதிக்கப்படுவது வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டுமே. கழுத்துக் கத்தி மடங்காதது என்பதால் அந்த விலக்கில் அடங்காது. கலிஃபோர்னியாவில் குத்துவதற்குப் பயன்படக்கூடிய மடக்காத கத்தியை ஆடைக்குள் மறைத்து வைப்பது குற்றம். சட்டைக்குள் அணியும் கழுத்துக் கத்திக்கு இது நேரடியாகப் பொருந்தும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழான விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளைக் கூரிய ஆயுதங்களாக வகைப்படுத்துகின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. கழுத்துக் கத்தி அந்த அளவைத் தொடாது. ஆனாலும் விமானத்துக்குள் கைப்பையில் இதைக் கொண்டுசெல்ல முடியாது. கூட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் இதை அணிந்து செல்வது பிறரை அச்சுறுத்தும்.

பராமரிப்பு

மாலையில் கழற்றியதும் கத்தியையும் உறையையும் தனித்தனியே துடைத்து உலரவிட வேண்டும். கார்பன் எஃகுக்கு ஒரு துளி எண்ணெய் தடவ வேண்டும். பழம் நறுக்கும் கத்தியானால் சமையல் எண்ணெயே நல்லது. கூர் முழுதும் போகும்வரை காத்திருக்காமல், வாரம் ஒருமுறை சாணைக்கல்லில் இரு பக்கமும் நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும். மோரா வகைக் கத்தியில் வாயை ஒட்டிய சாய்தளம் அகலமாக இருப்பதால் அதை அப்படியே கல்லில் படியவைத்துத் தீட்டலாம், கோணம் தவறாது. ஒரு பக்கம் தீட்டியதும், எதிர்ப்பக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்லத் தடவினால் பிசிர் தட்டுப்படும். அந்தப் பிசிர் வாய் நெடுகத் தட்டுப்பட்ட பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

தேர்வு

குறைந்த செலவில் நெடுநாள் உழைக்கும் கத்தியை நாடுவோருக்கு மெல்லிய அலகு, துருப்பிடிக்காத எஃகு, கை நிறையும் பிடி, பூட்டக்கூடிய உறை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த எல்ட்ரிஸ் போன்ற கத்தியே முதல் தேர்வு. எதை வாங்கினாலும், முதல் நாளிலேயே அதன் கயிற்றை எளிதில் விடுபடும் சங்கிலியாக மாற்றிவிட்டு, அதன் பிறகு கழுத்தில் அணிய வேண்டும்.