'பறையர்' முதல் 'பரியா' வரை: ஒரு சொல்லின் பயணமும் தங்கவயலின் மறுப்பும்

2024 பிப்ரவரி 9 அன்று வங்கமொழித் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. ததாகத முகர்ஜி இயக்கத்தில் விக்ரம் சட்டர்ஜி நடித்த அப்படத்தின் பெயர் 'பரியா'. தெருநாய்களைக் கொடுமைப்படுத்துவோரை எதிர்த்துத் தனியொருவன் நடத்தும் போராட்டத்தை அடிதடிப் படத்துக்குரிய விறுவிறுப்புடன் அது காட்டுகிறது. ஒவ்வொரு தெருநாய்க்கும் ஒரு பெயர் உண்டு என்று பொருள்தரும் துணைத்தலைப்பும் அதற்கு இடப்பட்டுள்ளது. கொல்கத்தாவின் மருத்துவக் கல்லூரி வளாகம் ஒன்றில் 2019 சனவரியில் 16 நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டு நகரமே கொதித்தெழுந்த நிகழ்ச்சியை நினைவிற் கொண்டால், இத்தகைய படம் வங்கத்தில் தோன்றியதில் வியப்பில்லை. மொழியியலாரின் கவனத்திற்கு உரியது படத்தின் தலைப்பே ஆகும். நாயைக் குறிக்க வங்கப் படம் ஒன்று ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட அச்சொல், ஆங்கிலத்துக்குத் தமிழிலிருந்து சென்றதாகும். தமிழில் அது மனிதரின் பெயர். அச்சொல் சென்ற வழியையும், அப்பெயர் சுமத்தப்பட்ட மக்கள் கோலார் தங்கவயலில் அதற்கு அளித்த மறுமொழியையும், இன்றைய மொழிபெயர்ப்பாளர்முன் அது வைக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லின் பிறப்பிடம்

புறநானூற்றின் 335ஆம் பாடல் சிறப்புடைய குடிகள் நான்கனுள் ஒன்றாகப் பறையன் என்னும் குடியைக் கூறுகிறது. அங்கு இழிவுக் குறிப்பு ஏதும் இல்லை. 'பறை' என்னும் சொல் இசைக்கருவியையும், சொல்லுதல் என்னும் வினையையும் ஒருங்கே குறிக்கும். மலையாளத்தில் 'பறயுக' என்பது இன்றும் பேசுதலைக் குறிக்கும் அன்றாட வினைச்சொல். சாதிப்பெயர் பறை என்னும் கருவியிலிருந்து வந்தது என்பதே கால்டுவெல் முதலாகப் பலரும் கூறிவரும் விளக்கம். எனினும் அப்பெயருடைய மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் உழவுத் தொழிலாளராகவே வாழ்ந்தனர் என்பதும் கருதத்தக்கது. தொழிற்பெயர் ஒன்று பெருந்திரளான மக்களின் பிறப்புப்பெயராகவும், பின்னர் வசைச்சொல்லாகவும் மாறிய வரலாறு தமிழகத்திற்குள்ளேயே நிகழ்ந்தது. இச்சொல்லை இழிவாக்கிய பொறுப்பு ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதன்று. முன்பே இழிவுபடுத்தப்பட்டிருந்த சொல்லையே அவர்கள் உலகெங்கும் கொண்டு சென்றனர்.

2. கடல் கடந்த சொல்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரையில் வாழ்ந்த போர்த்துக்கீசியர் துவார்த்தெ பர்போசாவின் குறிப்புகளில் இச்சொல்லின் ஒரு வடிவம் காணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்திலும் இடம்பெற்றது. ஐரோப்பியர் செவிக்கு எட்டியது 'பறையர்' என்னும் பன்மை வடிவம். அதன் வல்லின றகரம் அவர்களின் எழுத்தில் இடம்பெற வழியில்லை. பன்மை ஈறும் பன்மையாக உணரப்படவில்லை. ஆகவே பலரைச் சுட்டிய சொல் ஒருவரைச் சுட்டும் சொல்லாயிற்று. குறிப்பிட்ட ஒரு குடியின் பெயர், சாதியடுக்கின் அடியில் வைக்கப்பட்ட அனைவருக்கும் பொதுப்பெயராக விரிந்தது. பின்னர்ச் சாதியோடு தொடர்பே இல்லாமல், எச்சமுதாயத்தாலும் விலக்கப்பட்டவர் எவரையும் குறிக்கலாயிற்று. பொருள்விரிவுக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இவ்விரிவில் இலக்கியத்தின் பங்கு பெரிது. பெர்னார்டின் த சேன்-பியேர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், உண்மையைத் தேடி வரும் ஐரோப்பிய அறிஞனுக்கு அறிவு புகட்டுபவன் பரியா ஒருவனே. 1821இல் காசிமிர் தெலாவீன் 'பரியா' என்னும் நாடகத்தை எழுதினார். செருமானியக் கவிஞர் கதே அதே பெயரில் முப்பகுதிக் கவிதையை 1824இல் வெளியிட்டார். பெண்ணுரிமைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் போராடிய புளோரா திரிஸ்தான் 1838இல் தம் பயண நூலின் தலைப்பில் தம்மையே பரியா என்று குறித்தார். சமூகவியலார் மாக்சு வேபர் யூதரைப் 'பரியா மக்கள்' என்னும் கருத்தாக்கத்தால் விளக்க முயன்றார்; 1944இல் அன்னா அரெண்ட் அச்சொல்லையே எடுத்து யூத மரபொன்றின் பெருமையைப் பேசினார். ஐரோப்பாவில் இச்சொல் இரக்கத்திற்கும் கலகத்திற்கும் உரிய சொல்லாக உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், தமிழகத்தில் அச்சொல்லுக்குரிய மக்கள் சேரிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

3. நாய்க்கு வந்த பெயர்

மனிதரின் பெயர் நாய்க்குச் சென்றது இதன் கிளை வரலாறு. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' அகராதி 'பரியா நாய்' என்பதற்குத் தனிப்பதிவு அளிக்கிறது. உரிமையாளர் இல்லாமல் ஊர்தோறும் திரியும் மஞ்சள் நிற நாயை ஐரோப்பியர் இப்பெயரால் அழைத்தனர் என்றும், சாதியற்ற தாழ்ந்த பிறப்புடையது என்னும் கருத்தே பெயருக்குக் காரணம் என்றும் அது கூறுகிறது. இச்சொல் மேலும் சுருங்கிப் 'பை' என்றானதையும் அவ்வகராதி பதிவு செய்துள்ளது. ஆங்கிலோ-இந்திய எழுத்துகளில் வரும் 'பை நாய்' என்பது இதுவே.

நாயோடு இது நிற்கவில்லை. இந்தியப் பறவைகளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்களில் 'பிராமினி பருந்து', 'பரியா பருந்து' என்னும் இணை உண்டு. செம்பருந்து முதற்பெயரைப் பெற்றது; ஊர்க்குப்பைகளில் இரைதேடும் கரும்பருந்து இரண்டாம் பெயரைப் பெற்றது. விலங்குலகமே சாதியடுக்கில் நிறுத்தப்பட்டது எனலாம். பிற்காலத்தில் பறவையியலார் இரண்டாம் பெயரைக் கைவிட்டுக் 'கரும்பருந்து' என்னும் பொருளுடைய பெயரைக் கொண்டனர். முதற்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. நாயின் பெயரோ மாறவில்லை. மாறாக அறிவியற் கலைச்சொல்லாயிற்று. பாலத்தீனத்தின் நாய்களை ஆராய்ந்து 1930களில் கானான் நாய் என்னும் இனத்தை உருவாக்கிய உருதோல்பினா மென்சல் அவற்றைப் பரியா நாய்கள் என்றே வகைப்படுத்தினார். யூதரைப் பரியா என்று விளக்கிய நூற்றாண்டிலேயே யூத ஆய்வாளர் ஒருவர் நாய்களை அப்பெயரால் வகைப்படுத்தினார். இரு வழக்குகளிலும் தமிழரின் நினைவு அற்றுப்போயிருந்தது.

4. தங்கவயலின் மறுப்பு

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் இருப்புப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அவ்வூருக்கு அன்று பவுரிங்பேட்டை என்று பெயர். மைசூரின் தலைமை ஆணையராக இருந்த லெவின் பவுரிங் பெயரால் அமைந்தது அது. 'பங்காரு' என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல். ஆட்சியாளர் பெயரைக் கழற்றிவிட்டு ஊர் தன் நிலத்தின் பெயரை ஏற்றது. அப்பாதையில் வந்திறங்கிய மக்களின் பெயர் மாற்றம் இவ்வளவு எளிதாக அமையவில்லை.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணிக்கு வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகச் சென்றனர். நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விலகிக் கூலியைப் பணமாகப் பெற்ற அவர்கள், அப்பணத்தில் ஒரு பகுதியை எழுத்துக்கும் அச்சுக்கும் செலவிட்டனர். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் இயங்கியது. 1907 சூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிப் பின்னர் 'தமிழன்' எனப் பெயர்பெற்ற அவரது வார இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர் பெருந்துணையாக விளங்கினர். 1914இல் அவர் மறைந்தபின், 1926இல் அவ்விதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீப்பிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டுக் காத்தது.

அயோத்திதாசரின் எழுத்துகளில் பெயர்ச்சிக்கல் மையமான இடம் பெறுகிறது. பறையர் என்பது தம் மக்களின் இயற்பெயர் அன்று, பகைவரால் சுமத்தப்பட்டது என்பது அவர் வாதம். மைனா, பருந்து, நாய் முதலியவற்றின் பெயர்களோடு சாதிப்பெயரை ஒட்டி வழங்குவதை அவர் சுட்டிக்காட்டினார். இழிவை மக்கள் நாவில் நிலைநிறுத்தும் உத்தியாகவே அவ்வழக்குகளை அவர் கண்டார். அவரது சொற்பிறப்பு விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய மொழியியல் ஏற்காது. எனினும் விலங்கின் பெயர் மனிதரின் நிலையைத் தீர்மானிக்கும் கருவியாகலாம் என்னும் அவரது கண்டறிவு குறிப்பிடத்தக்கது. 'பரியா நாய்' என்னும் தொடரின் வரலாறு அதற்குச் சான்று.

இதற்கு மாற்றான வழியும் அன்றே இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இகழப்பட்ட பெயரை அஞ்சாமல் ஏற்று உரிமை கோரினாலன்றி இழிவு நீங்காது என்பது அவர் கருத்து. அயோத்திதாசர் அப்பெயரை ஏற்க மறுத்தார். 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசு வழக்கில் இடம்பெற்றது. நிலைப்பாடுகள் வேறுபட்டாலும், தம்மை எப்பெயரால் அழைப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர்.

5. மொழிபெயர்ப்பாளர்முன் உள்ள சிக்கல்

தெருநாயைக் குறிக்க வங்கமொழியில் சொற்பஞ்சம் இல்லை. 'நேடி குக்குர்', 'ராஸ்தார் குக்குர்' என்னும் பெயர்கள் வழக்கில் உள்ளன. பங்காருபேட்டைத் தெருவில் தமிழர் 'தெருநாய்' என்பர். கன்னடர் 'பீதி நாயி' என்பர். தெலுங்கர் 'வீதி குக்க' என்பர். இம்மூன்றும் நாய் வாழும் இடத்தைக் கூறுகின்றனவேயன்றி அதன் பிறப்பைக் கூறவில்லை. 2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் வளர்ப்புநாய், தெருநாய் என்றே வகுத்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகள் 'சமுதாய விலங்கு' என்னும் கருத்தை முன்வைத்தன. சட்டத்தின் மொழி நாயின் நிலையை உயர்த்த முயலும்போது, படத்தலைப்பு பழைய சொல்லுக்குத் திரும்பியுள்ளது. வங்கத்தில் அச்சொல்லின் தமிழ்ப் பிறப்பு உணரப்படுவதில்லை. ஒதுக்கப்பட்ட உயிர் என்னும் பொதுப்பொருளே அங்கு நிற்கிறது. எனவே படைப்பாளர்மீது பழி சுமத்துவதற்கு இடமில்லை.

தமிழில் அவ்வாறு இருக்க முடியாது. 'பரியா' என இடையின ரகரத்தில் எழுதினாலும் தமிழ்ச் செவி அதன் மூலத்தை உடனே அறிந்துகொள்ளும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப்பெயரால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மூலமொழியில் தேய்ந்துபோன உருவகம் பெயர்ப்புமொழியில் உயிருள்ள வசையாக எழும் அரிய நிலை இது. ஆகவே பொருள்தோறும் வழியைப் பிரித்துக் கொள்வதே பொருந்தும். நாயைக் குறிக்குமிடத்துத் தெருநாய் அல்லது நாட்டுநாய் என்றும், விலக்கப்பட்ட மனிதரையோ நாட்டையோ குறிக்குமிடத்து ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்ட நாடு என்றும் பெயர்க்கலாம். வேபர், அரெண்ட் போன்றோரின் கருத்தாக்கத்தைப் பெயர்க்குமிடத்து மட்டும் ஒலிபெயர்ப்பைக் கொண்டு, சொல்லின் தமிழ்ப் பிறப்பைக் குறிப்பில் விளக்குதல் வேண்டும். அங்கு சொல்லை மறைத்தால் வரலாறும் மறைந்துவிடும்.

நாய்க்கு இழைக்கப்படும் கொடுமையையும் மனிதருக்கு இழைக்கப்படும் கொடுமையையும் ஒருசேரக் காட்டத் தமிழ்த் திரைப்படம் வேறு வழி கண்டுள்ளது. 2018இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்படும் நாய்க்குக் 'கருப்பி' என்னும் பெயர் உண்டு. அதன் சாவு, அதை வளர்த்தவரின் சாதிக்கு விடுக்கப்பட்ட மிரட்டலாகக் காட்டப்படுகிறது. அங்கு நாய் மனிதரின் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. தனக்கென ஒரு பெயருடன் இறக்கிறது.

முடிவுரை

தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. 2024 ஆகத்து 15 அன்று அச்சுரங்க மக்களின் முன்னோர் கதையைப் புனைவாக்கிய பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வெளிவந்தது. ஒரே ஆண்டில் ஒரு படம் அம்மக்களின் கதையைக் கூறியது. மற்றொரு படம் அவர்கள் உதறிய பெயரை, அவர்களை அறியாமலேயே, நாய்க்குச் சூட்டியது. ஒவ்வொரு தெருநாய்க்கும் ஒரு பெயர் உண்டு என்னும் வங்கப் படத்தின் கூற்று நியாயமானது. அப்பெயர் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டதாக இருத்தல் ஆகாது என்பதே 'தமிழன்' இதழைப் போற்றிய தங்கவயல் வாசகரின் வாதத்திலிருந்து பெறப்படும் முடிவு.