வேகமும் எடையும்: அமெரிக்க மோட்டார் வரலாற்றில் ஒரு பகுதி

மோட்டார் வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினின் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்வர். இத்தனை குதிரைத்திறன் என்று சொல்லிவிட்டால் சொல்லவேண்டியதனைத்தும் சொல்லியாயிற்று என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆற்றல் எவ்வளவு சுமையை இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது என்னும் இரண்டாவது கேள்வியை எழுப்புவோர் சிலரே. 1960-களில் அமெரிக்க நாட்டில் இந்த இரண்டாவது கேள்வியை ஒட்டி ஒரு பெரும் போட்டி நடந்தது. அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அக்காலத்தில் தோன்றிய ஒருவகை வண்டிகளை அமெரிக்கர் 'மசில் கார்' என்று அழைக்கின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் 'தசை வண்டி' என்றால், கேட்போர் நகைப்பர், பொருளும் விளங்காது. நடுத்தர அளவுள்ள, குடும்பங்கள் வாங்கத்தக்க விலையுள்ள ஒரு வண்டியில், பெரிய வண்டிக்கென வார்த்த எஞ்சினைப் பொருத்தியது என்பதே அதன் பொருள். ஆகவே இக்கட்டுரையில் அதனை 'வலிவூர்தி' என்று வழங்குவோம்.

வலிவூர்திகளின் வரலாற்றை 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. வண்டியிலிருந்து தொடங்குவது வழக்கம். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு விதி வகுத்திருந்தது. அந்நிறுவனத்தின் பான்டியாக் பிரிவில் பணியாற்றிய ஜான் டிலோரியனும் அவர் தோழர்களும் அந்த விதியில் ஒரு சந்து கண்டனர். 389 கன அங்குல எஞ்சினைத் தனி வண்டியாக அறிவிக்காமல், ஏற்கெனவே விற்பனையிலிருந்த லெமான்ஸ் வண்டிக்கு விருப்பப்பட்டோர் கூடுதல் பணம் தந்து பெறும் இணைப்பாக வழங்கினர். 325 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டியில் 5,000 விற்றாலே போதும் என்று எண்ணியிருந்தனர். முதலாண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது. பெரிய எஞ்சினைப் புதிதாகக் கண்டுபிடித்ததனால் கிட்டிய வெற்றியன்று இது. பழைய எஞ்சினை இலகுவான உடலில் அமர்த்தியதனால் கிட்டிய வெற்றி. இந்த உண்மையை மனத்தில் கொண்டால் பின்னர் நடந்தவை எளிதில் விளங்கும்.

ஒரே விசையால் தள்ளப்படும் இரு பொருள்களில் எடை குறைந்ததே விரைந்து வேகம் பெறும். கால் மைல் நேரோட்டப் பந்தயக்காரர்கள் இதனை ஒரு நாட்டு வாய்பாடாகவே வைத்திருந்தனர். 100 ராத்தல் எடை குறைந்தால் ஓட்ட நேரத்தில் ஏறத்தாழ வினாடியில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது அவர்கள் கணக்கு. ராத்தல் என்பது அமெரிக்கர் இன்றும் வழங்கும் பவுண்டு. 100 ராத்தல் நம் கணக்கில் சுமார் 45 கிலோ. வெற்றியும் தோல்வியும் வினாடியின் சிறு பின்னத்தில் முடிவாகும் களத்தில் 45 கிலோ சிறிய அளவன்று.

எடையை முதலில் நிர்ணயிப்பது வண்டியின் உடலமைப்பு. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் வெளியான ஃபோர்டு மஸ்டாங் இதற்கு நல்ல சான்று. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு நிலைக்கூரை கொண்ட வண்டி 2,450 ராத்தலை ஒட்டி இருந்தது. அதே வண்டியை மடக்குக் கூரையோடு வாங்கினால் ஏறத்தாழ 150 முதல் 200 ராத்தல் வரை கூடியது. இரும்புக் கூரையை எடுத்துவிட்டுத் துணிக்கூரை போட்டால் எடை குறையத்தானே வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மூடியுள்ள அட்டைப் பெட்டியைக் கையிலெடுத்து முறுக்கிப் பாருங்கள். அது எளிதில் வளையாது. மூடியை வெட்டிவிட்டு முறுக்கினால் உடனே நெளியும். மஸ்டாங் போன்ற வண்டிகளில் தனிச் சட்டம் இல்லை. உடற்கூடே சட்டமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. அதன் மூடியாகிய கூரையை நீக்கினால், இழந்த உறுதியைத் தரைத்தகட்டிலும் பக்க அடித்தளத்திலும் கனத்த எஃகு சேர்த்தே ஈடுசெய்ய வேண்டும். கூரையை மடக்கும் கம்பிகளும் மோட்டாரும் அதற்கு மேற்சுமை.

கதவுகளுக்குப் பின்னே கூரையைத் தாங்கி நிற்கும் தூணும் இவ்வாறே. தூணில்லாத 'ஹார்ட்டாப்' வண்டி பார்வைக்கு அழகியது. பந்தயக்காரரோ தூணுள்ள எளிய இரு கதவு வண்டியையே தேர்ந்தனர். அது உறுதியானது, விலையும் மலிவானது. 1968-இல் வந்த பிளிமத் ரோட்ரன்னர் இந்த உண்மையையே வாணிகமாக்கிற்று. முதலில் அது தூணுள்ள உடலோடு மட்டுமே கிடைத்தது. உள்ளே நீள் இருக்கை, தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. முன்னேயோ 383 கன அங்குல எஞ்சின். விலை 3,000 டாலருக்குள் அடங்கியது. எடையையும் விலையையும் ஒருங்கே கழித்த அந்த வண்டியை முதலாண்டில் ஏறத்தாழ 45,000 பேர் வாங்கினர்.

இனி மாற்றங்களால் எடை குறைத்த கதைக்கு வருவோம். 1963-இல் பான்டியாக் பிரிவு பந்தயத்துக்கென வெகு சில கட்டலினா வண்டிகளைச் செய்தது. அவற்றின் சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளிட்டு இரும்பைக் குடைந்தெடுத்தனர். முன்பக்கத் தகடுகளை அலுமினியத்தால் அமைத்தனர். ஓட்டை நிறைந்த பாலாடைக்கட்டியை நினைந்து அவற்றுக்குச் 'சுவிஸ் சீஸ்' என்று பெயரிட்டனர் மக்கள்.

அடுத்த ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தண்டர்போல்ட் என்னும் வண்டியில் 100 எண்ணிக்கை செய்தது. இதற்கும் அடிப்படை தூணுள்ள ஃபேர்லேன் வண்டியே. அதனுள் 427 கன அங்குல எஞ்சின் வைத்தனர். பானெட்டும் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸ். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். ரேடியோ இல்லை, ஹீட்டர் இல்லை, கம்பளம் இல்லை, வெயில் மறைப்பு இல்லை. ஓட்டுநர் அல்லாதவர் பக்கத்து வைப்பரைக்கூட விட்டுவைக்கவில்லை. பந்தயச் சங்கம் அந்த வகைக்கு வகுத்த குறைந்தபட்ச எடை 3,200 ராத்தல். அதனை ஒட்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதே இத்தனை முயற்சியின் நோக்கம். பாட்டரியைப் பின்புற டிக்கிக்கு மாற்றினர். இதனால் மொத்த எடை குறையாதெனினும் பின்சக்கரங்களின் மேல் பாரம் கூடி, புறப்படும்போது அவை வெறுமனே சுழலாமல் தரையைப் பற்றின. எவ்வளவு எடை என்பது ஒரு கேள்வி. எங்கே எடை என்பது மற்றொரு கேள்வி. இரண்டிற்கும் விடை கண்டவர்களே வென்றனர்.

எஞ்சினையே இலகுவாக்கியவர்களும் உண்டு. 1969-இல் செவர்லே நிறுவனம் இசட்.எல்.-1 என்ற 427 கன அங்குல எஞ்சினை முழுதும் அலுமினியத்தில் வார்த்து 69 கமாரோ வண்டிகளில் பொருத்திற்று. வார்ப்பிரும்பு எஞ்சினைவிட 100 ராத்தலுக்கு மேல் குறைவு. ஆனால் சாதாரண கமாரோ வண்டியின் விலையைவிட இந்த எஞ்சினின் விலை அதிகம். அதே காலத்தில் ரோஜர் பென்ஸ்கியின் பந்தயக் குழுவினர் கமாரோவின் உடற்கூட்டை அமிலத்தில் தோய்த்துத் தகட்டின் கனத்தையே கரைத்தனர். மெலிந்த கூரைத்தகடு சுருங்கித் தெரிந்ததை மறைக்கவே 1969-இல் வினைல் உறை போர்த்தினர் என்று சொல்வதுண்டு. அழகுக்காக மக்கள் கூடுதல் எடையாகச் சுமந்த உறை, எடை குறைத்ததை மறைக்கும் திரையாயிற்று!

ஒரு பக்கம் எடை இவ்வாறு கரைய, மறுபக்கம் சாதாரண வாடிக்கையாளரின் வண்டியில் அது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. ஊருக்குச் செல்ல இரண்டு பெட்டிகளோடு தொடங்கும் ஏற்பாடு, ரயில் நிலையம் சேர்வதற்குள் ஏழு உருப்படிகளாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். வலிவூர்தியிலும் அவ்வாறே. குளிர்சாதனம் கிட்டத்தட்ட 100 ராத்தல். பவர் ஸ்டியரிங், பவர் பிரேக், அகன்ற இருக்கை, மேலும் பெரிய எஞ்சின், அதைத் தாங்கக் கனத்த ஸ்பிரிங். 1971-ஆம் ஆண்டு மஸ்டாங்கின் ஆறு சிலிண்டர் வண்டியே 2,900 ராத்தலைத் தாண்டிற்று. பிறந்தபோது எந்த இலகுவினால் புகழ் பெற்றதோ அதனை ஏழே ஆண்டுகளில் அது இழந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஏறிய எடை அனைத்தும் ஒரே தன்மையது அன்று. 1966-இல் அமெரிக்கச் சாலைகளில் ஓராண்டில் மட்டும் 50,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் தோள்வார்ப்பட்டையும் மோதலில் அமுங்கிக்கொடுக்கும் ஸ்டியரிங் தண்டும் இடம்பெற்றன. 1973-இல் மெதுவான மோதலைத் தாங்கும் கனத்த பம்பர்கள் கட்டாயமாயின. பந்தயக்காரரின் தராசில் வானொலிப் பெட்டியும் வார்ப்பட்டையும் ஒன்றே. இரண்டும் வீண் சுமை. குடும்பத்தோடு செல்வோரின் தராசில் அவை ஒன்றாகா.

இந்த வேறுபாட்டை வண்டி செய்தவர்களே அறிந்திருந்தனர். 1968-இல் 426 கன அங்குல ஹெமி எஞ்சினோடு வந்த டாட்ஜ் டார்ட்டில் பின்னிருக்கை கிடையாது. மெல்லிய கதவுகள், மெல்லிய கண்ணாடி. அதனை ஏற்றி இறக்க ஒரு வார்தான் உண்டு. பொதுச் சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று என்னும் அறிவிப்பையும் அவ்வண்டியிலேயே ஒட்டி அனுப்பினர். கழித்தற்குரிய இடம் எது, கழித்தலாகாத இடம் எது என்பதற்கு அச்சிறு தாளே எல்லைக்கல்.

காப்பீட்டுக் கட்டண உயர்வு, புகைக் கட்டுப்பாடு, 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை சேர்ந்து முதல் வலிவூர்திக் காலத்தை முடித்துவைத்தன. ஆயினும் காலம் ஒரு வேடிக்கை செய்தது. 1971-இல் ஹெமி எஞ்சினோடு மடக்குக் கூரை கொண்ட பிளிமத் குடா வண்டிகள் 11 மட்டுமே செய்யப்பட்டன. கூரை மடங்குவதால் எடை கூடிய வண்டி. நேரோட்டத்தை நாடுவோர் தேர்ந்தெடுக்கமாட்டாத வண்டி. 2014-இல் அவற்றுள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஓடிய காலத்தில் விரைவுக்கு மதிப்பு. ஓட்டம் ஓய்ந்தபின் அருமைக்கு மதிப்பு.

எனவே பழைய வலிவூர்தி ஒன்றைக் காணும்போது அதன் குதிரைத்திறனை மட்டும் வினவுதல் போதாது. கூரை எவ்வகை, தூண் உண்டா, எஞ்சின் எந்த உலோகம், பாட்டரி எங்கே, எதை நீக்கினர், எதைச் சேர்த்தனர் என்றும் வினவ வேண்டும். அவ்விடைகளில் ஒரு நாடு வேகத்தையும் வசதியையும் உயிரையும் எந்த வரிசையில் வைத்து மதித்தது என்ற செய்தி அடங்கியிருக்கிறது.