பெயரும் ஆண்டும்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரிகளுக்கிடையே ஆங்காங்கே அடைப்புக்குறிகள் தென்படும். அவற்றினுள் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும்: (இராமன், கிருஷ்ணன் 1928) என்பது போல. பாடநூல் படித்துப் பழகிய நம் கண்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுவதே வழக்கம். ஆனால், "இச்செய்தி என் சொந்தச் சரக்கன்று, இன்னார் இந்த ஆண்டில் கண்டு எழுதியது, ஐயமிருந்தால் கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் பார்த்து மூலத்தைத் தேடிப் படியுங்கள்" என்று ஆசிரியர் நமக்குச் சொல்வதெல்லாம் அந்தச் சிறு அடைப்புக்குறிக்குள்தான் அடங்கியிருக்கின்றது.

இவ்வழக்கம் எப்போது தோன்றியது? கணிப்பொறி இதனை எவ்வாறு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது? அதன் பிறகும் நம் பொறுப்பில் எஞ்சி நிற்பது என்ன? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

எண்ணா, பெயரா?

மேற்கோள் காட்டுவதில் இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று எண் முறை. கட்டுரையில் 7 என்று குறித்தால், பட்டியலில் ஏழாவதாக உள்ள நூலைப் பார்க்க வேண்டும். இது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எழுதி முடித்தபின் நடுவே ஒரு நூலைச் சேர்த்தால், அதற்குப் பிந்திய எண்கள் அனைத்தையும் திருத்த வேண்டும்.

மற்றொன்று பெயர்-ஆண்டு முறை. இதில் பட்டியல் ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் அமையும். புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் மற்றவை குலைவதில்லை. அதைவிட முக்கியமான நன்மை ஒன்று உண்டு. படிக்கும்போதே ஒரு கருத்து யாருடையது, எவ்வளவு பழையது என்பது கண்ணில் பட்டுவிடுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இராமன் விளைவு பற்றி 'நேச்சர்' இதழில் 1928இல் வெளிவந்த மூன்று குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31இல் வந்தது இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து எழுதியது. ஏப்ரல் 21இல் வந்தது இராமன் தனியே எழுதியது. மே 5இல் வந்தது மீண்டும் இருவரும் எழுதியது. இவற்றை எவ்வாறு குறிப்பது? தனியே எழுதியதை (இராமன் 1928) என்று குறித்துவிடலாம். இருவர் எழுதிய இரண்டும் ஒரே பெயர், ஒரே ஆண்டு ஆயிற்றே! அவற்றை 1928அ, 1928ஆ என்று பிரிக்கின்றோம். இப்போது நான்காவதாக ஒரு குறிப்பு இடையில் வந்து சேர்ந்தால், இந்த அ, ஆ எழுத்துகளும் மாற வேண்டியிருக்கும். ஆக, பெயர்-ஆண்டு முறையும் தொல்லையே இல்லாத முறை என்று சொல்லிவிட முடியாது.

தோட்டத்து நத்தை தந்த வழக்கம்

இம்முறையின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்னும் விலங்கியலாரிடம் போய்ச் சேர்கின்றோம். 1881இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஓடில்லாத நத்தை ஒன்றின் முட்டை எவ்வாறு முதிர்கின்றது, எவ்வாறு கருவுறுகின்றது, பிறகு எவ்வாறு பிளவுபடுகின்றது என்பதே அதன் பொருள். அக்கட்டுரையின் 194ஆம் பக்கத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தந்து, தாம் கையாளும் முறையை ஓர் அடிக்குறிப்பில் விளக்கினார் மார்க்.

அவருக்கு ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று? காலத்தை எண்ணிப் பாருங்கள். கடல் முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் இணைவதை ஆஸ்கார் ஹெர்ட்விக் 1876இல்தான் விளக்கியிருந்தார். உயிரணு ஆராய்ச்சி விரைந்து வளர்ந்த காலம் அது. ஐந்தாண்டுக்கு முந்திய கருத்தும் நேற்றைய கருத்தும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளும்போது, எது எப்போது சொல்லப்பட்டது என்று தெரியாமல் வாசகர் குழம்பக்கூடும் அன்றோ?

பிற்காலத்தில் இம்முறைக்கு 'ஹார்வர்டு முறை' என்ற பெயர் நிலைத்தது. ஹார்வர்டுக்கு வந்த ஓர் ஆங்கிலேயர் இம்முறையைக் கண்டு வியந்து அப்பெயரை இட்டார் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. 1988இல் 'பிரிட்டிஷ் மருத்துவ இதழில்' ஈலை செர்னின் என்பவர் எழுதிய கட்டுரையே மார்க்கின் 1881ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. யார் முதலில் சொன்னார் என்பதைக் காட்டவே பிறந்த முறை, தன்னை முதலில் சொன்னவரை நெடுங்காலம் மறந்திருந்தது ஒரு வேடிக்கைதான்.

ஈயத்திலிருந்து கணிப்பொறிக்கு

நெடுங்காலம் இவ்வேலை முழுவதும் கையால்தான் நடந்தது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை எழுதுவார்; அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவார்; பார்த்துத் தட்டச்சு செய்வார். அச்சகத்தில் அதை மீண்டும் ஈய எழுத்துகளில் கோப்பார்கள். ஓர் இதழ் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும்; மற்றோர் இதழ் கடைசியில் கேட்கும். ஓர் இதழ் திருப்பி அனுப்பிய கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமானால் பட்டியல் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இத்தொல்லையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் 1970களின் இறுதியில் தொடங்கின. பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் 1978இல் 'ரெஃபர்' என்னும் நிரலை எழுதினார். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் 'ஸ்க்ரைப்' என்னும் மென்பொருளை உருவாக்கி, 1980இல் அதனையே தம் முனைவர் பட்ட ஆய்வேடாக்கினார். எழுதுபவர் பொருளைச் சொன்னால் போதும், தோற்றத்தைப் பொறி கவனித்துக்கொள்ளும் என்பதே ஸ்க்ரைப்பின் அடிப்படைக் கொள்கை.

இதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு நூத் வேறொரு கவலையில் இருந்தார். அவருடைய கணிப்பொறி நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக அமைந்திருந்தது. 1977இல் புதிய ஒளி அச்சுக்கோப்பு முறையில் வந்த மெய்ப்பைப் பார்த்த அவருக்கு மனம் பொறுக்கவில்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் துணிந்தார். கலை, கைத்தொழில் இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'டெக்' என்று பெயரிட்டார். சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழ பத்தாண்டுகளை விழுங்கியது.

டெக்கின் நுணுக்கத்தை இயற்பியல் மாணவர்கள் இரசிப்பார்கள். அச்சுத்தொழிலின் அளவாகிய 'பாயின்ட்' ஓர் அங்குலத்தில் 72.27 பங்குகளில் ஒன்று. டெக் அதையும் 65,536 கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகின்றது. அக்கூறு ஒன்றின் நீளம் சுமார் 5.4 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு!

டெக்கைக் கையாள்வது எளிதாக இருக்கவில்லை. 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லேடெக்' என்னும் எளிய கட்டளைத் தொகுப்பை அமைத்தார். அதற்குத் துணையாக, ஸ்டான்ஃபோர்டில் மாணவராயிருந்த ஓரன் படாஷ்னிக் 1985இல் 'பிப்டெக்' என்னும் நிரலை எழுதினார். நூற்பட்டியல் வேலை இதனிடம் வந்து சேர்ந்தது.

நான்கு முறை ஓட்டம்

பிப்டெக் எவ்வாறு வேலை செய்கின்றது? ஒவ்வொரு நூலுக்கும் நீங்கள் ஒரு பதிவை ஒரே ஒரு முறை எழுதி வைக்கின்றீர்கள். ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவை அதில் தனித்தனியே இருக்கும். அப்பதிவுக்கு ஓர் அடையாளச் சொல்லும் தருகின்றீர்கள். கட்டுரையில் மேற்கோள் வரவேண்டிய இடத்தில் அந்த அடையாளச் சொல்லை மட்டும் குறித்தால் போதும். பட்டியலின் தோற்றத்தைத் தீர்மானிப்பது நடைக்கோப்பு என்னும் தனிக் கோப்பு. இதழ் மாறினால் நடைக்கோப்பின் பெயரை மாற்றுகின்றோம், பதிவுகளைத் தொடுவதில்லை.

லேடெக்கை முதல்முறை ஓட்டும்போது பட்டியல் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே மேற்கோள் இடங்களில் கேள்விக்குறிகளே தோன்றும். எந்தெந்த நூல்கள் தேவை என்ற குறிப்பு மட்டும் ஒரு துணைக்கோப்பில் எழுதப்படும். இரண்டாவதாக பிப்டெக் ஓடி, தேவையான பதிவுகளை மட்டும் பொறுக்கி, வரிசைப்படுத்திப் பட்டியலாக்குகின்றது. மூன்றாம் ஓட்டத்தில் பட்டியல் கட்டுரையுடன் சேர்கின்றது. நான்காம் ஓட்டத்தில் கேள்விக்குறிகள் மறைந்து உரிய குறிப்புகள் வந்து அமர்கின்றன. இயற்பியலில் ஒரு சமன்பாட்டை அடுத்தடுத்த தோராயங்களால் தீர்க்கின்றோம் அல்லவா? விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பக் கணக்கிடும் அதே உத்திதான் இது.

விடுபட்டதை நிரப்பியவர்

பிப்டெக்குடன் வந்த அடிப்படை நடைகள் நான்கு. அவை எண்களையோ, பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் கலந்த சுருக்கக் குறிகளையோ தந்தன. மார்க்கின் பெயர்-ஆண்டு முறை அவற்றில் இல்லை. 1990களில் இக்குறையைத் தீர்த்து வைத்தவர் கணிப்பொறித் துறையினர் அல்லர். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய விண்வெளி இயற்பியலாளர் பேட்ரிக் டேலி. 'நாட்பிப்' என்பது அவர் உருவாக்கிய தொகுப்பின் பெயர்.

நாட்பிப்பின் சிறப்பு ஓர் இலக்கண நுட்பத்தில் இருக்கின்றது. "இராமன், கிருஷ்ணன் (1928) இதனைக் கண்டனர்" என்னும்போது பெயர் வாக்கியத்தின் எழுவாய்; ஆண்டு மட்டுமே அடைப்புக்குறிக்குள் போக வேண்டும். "சிதறிய ஒளியில் புதிய அலைநீளங்கள் உள்ளன (இராமன், கிருஷ்ணன் 1928)" என்னும்போது இரண்டுமே உள்ளே போக வேண்டும். முன்னதற்கு ஒரு கட்டளை, பின்னதற்கு ஒரு கட்டளை என்று நாட்பிப் பிரித்துத் தந்தது. அ, ஆ எழுத்துகளைச் சேர்ப்பது நடைக்கோப்பின் வேலையாயிற்று. நடைக்கோப்பு எழுதத் தெரியாதவர்களுக்காக மற்றொரு கருவியையும் டேலி செய்தார். அது உங்களைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, நீங்கள் சொல்லும் விடைகளைக் கொண்டு நடைக்கோப்பைத் தானே எழுதித் தந்துவிடும்.

நம் பெயரும் நம் எழுத்தும்

பெயரைக் கையாளுவதில் பிப்டெக் ஒரு மேலைநாட்டு வழக்கத்தை நம்பியிருக்கின்றது. காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று அது கொள்ளும். நமக்கோ குடும்பப் பெயர் என்பதே பெரும்பாலும் கிடையாது. 'சு. முத்துலட்சுமி' என்று எழுதினால் தப்பித்தோம். 'முத்துலட்சுமி சு.' என்று எழுதிவிட்டாலோ, மேற்கோளில் (சு. 2015) என்று தலையெழுத்து மட்டும் நிற்கும், ஆய்வு செய்தவர் காணாமற் போய்விடுவார்! பெயர் முழுவதையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டால், அதைப் பிரிக்காமல் ஒரே பெயராகக் கொள்ளும். இது நம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய உத்தி.

சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். இராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தையின் பெயர். உலகத்து நூற்பட்டியல்களில் எல்லாம் மகனின் உழைப்பு தந்தையின் பெயருக்குக் கீழேதான் பதிவாகியிருக்கின்றது.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பிப்டெக் உருவான காலத்தில் தமிழ் போன்ற எழுத்துகளை அது கருதிப் பார்க்கவில்லை. இன்றைய யூனிகோடு குறியீட்டிலும் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் நெடுங்கணக்கிலிருந்து வேறுபடுகின்றது. அதில் ன என்பது ந-வை அடுத்தும், ழ என்பது வ-வுக்கு முன்பும் வருகின்றன. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பட்டியல் பிழையாகும். பிலிப் லேமன் 2006இல் தொடங்கிய 'பிப்லாடெக்' தொகுப்பும், அதற்குத் துணையாகப் பின்னர் வந்த 'பைபர்' நிரலும் ஒவ்வொரு மொழியின் அகர வரிசைக்கும் ஏற்பப் பட்டியலை அடுக்க வழி செய்துள்ளன.

பொறி அறியாதது

இவ்வளவு வசதிக்குப் பின்பும் நமக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் எம்.எஸ்ஸி. ஆய்வறிக்கையில் இராமன், கிருஷ்ணன் கட்டுரையின் பதிவில் 1928 என்பதை 1982 என்று தட்டச்சு செய்துவிட்டேன். பிழை ஒரே இடத்தில்தான். மென்பொருள் அதனை வெகு அழகாக, உரிய அடைப்புக்குறிகளுடன், அறிக்கை முழுவதும் பரப்பிவிட்டது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அமைதியாகக் கேட்டார்: "கிருஷ்ணன் 1961இல் காலமானார், இராமன் 1970இல் காலமானார். 1982இல் இருவரும் எங்கிருந்து எழுதினார்கள்?"

எனக்கு நேர்ந்தது தட்டச்சுப் பிழை. அதைவிடக் கடுமையானது பார்த்து எழுதும் பிழை. சிம்கின், ராய் சௌத்ரி என்னும் இருவர் 2003இல் இதனை ஆராய்ந்தனர். புகழ்பெற்ற ஓர் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைத்த சுமார் 4,300 மேற்கோள்களில் 196 மேற்கோள்கள் பிழையாக இருந்தன. ஆனால் வெவ்வேறு வகைப் பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது! 78 பேரும் தனித்தனியே அதே தவற்றைச் செய்திருக்க இயலுமா? ஒருவர் பட்டியலைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கின்றனர். மேற்கோள் காட்டுவோரில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கின்றனர் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

இன்று ஒரு பதிவை இணையத்திலிருந்து நொடியில் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே இந்த ஆபத்து கூடியிருக்கின்றதே தவிரக் குறையவில்லை. காற்புள்ளியை எங்கே வைப்பது, ஆண்டை எங்கே இடுவது என்பவற்றையெல்லாம் பொறி நன்கறியும். நீங்கள் அக்கட்டுரையைப் படித்தீர்களா என்பதை அது அறியாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு பதிவை எழுதும்போது மூலக் கட்டுரையைத் திறந்து எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அதில் உள்ளபடி எழுதுங்கள். ஆண்டையும் பக்கத்தையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நூற்பட்டியலை அச்சிடுமுன் நான் இன்றும் முதலில் பார்ப்பது அந்த 1928ஐத்தான்.