எடைக் குறைப்பு அறுவையும் இதயநோய் ஆபத்தும்: ஒரு கருத்து வளர்ந்த வரலாறு

உடற்பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை இதயத்தையும் காக்கும் என்ற கருத்துக்கு முதல் வலுவான சான்று, எடைக் குறைப்பை நோக்கமாகவே கொள்ளாத ஓர் அறுவையிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹென்றி புக்வால்ட் 1963இல் தொடங்கிய அந்த அறுவையில், சிறுகுடலின் கடைசிப் பகுதி உணவு செல்லாதபடி ஒதுக்கப்பட்டது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் வழக்கமாக அப்பகுதியில்தான் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். அவ்வழி இல்லாமற்போகவே அவை மலத்தோடு கழிய, அந்த இழப்பை ஈடுகட்டப் புதிய பித்த அமிலங்களை ஆக்க வேண்டியிருந்த கல்லீரல், அதற்கான மூலப்பொருளாகிய கொலஸ்டிராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டது. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த 838 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தபோது, அறுவை செய்துகொண்டோரிடம் கெட்ட கொலஸ்டிரால் 38 விழுக்காடும், இதயநோய் மரணமும் மீண்டும் வந்த மாரடைப்பும் சேர்ந்த எண்ணிக்கை 35 விழுக்காடும் குறைந்திருந்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கு அவர்களை வாட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எடைக்காகவே செய்யப்பட்ட குடல் மாற்று வழி அறுவை 1950களில் தோன்றிக் கல்லீரல் பாதிப்பால் பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் அயோவாவில் எட்வர்டு மேசன் இரைப்பையைச் சிறு பையாகச் சுருக்கிக் குடலோடு இணைத்த முறையே நிலைத்தது.

இதயத்தைப் பற்றிய கேள்விக்கு நீண்ட விடை சுவீடனிலிருந்து வந்தது. லார்ஸ் ஷெஸ்ட்ரோம் தலைமையில் 1987இல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அக்காலத்தில் இத்தகைய அறுவையில் இறப்பு மிகுதி என்று அஞ்சிய அறநெறிக் குழுக்கள் குலுக்கலுக்கு இசையாததால், ஒத்த இயல்புடையோரைத் தேர்ந்து ஒப்பிட நேர்ந்தது. ஆய்வின் பெரிய குறை அதுவே. 2012இல் வெளியான முடிவுகளின்படி, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றால் அறுவைக் குழுவில் 28 பேரும் மற்றக் குழுவில் 49 பேரும் இறந்திருந்தனர்.

அதே அறிக்கையின் இன்னொரு செய்தியே வரலாற்று நோக்கில் முதன்மையானது. தொடக்கத்தில் எவ்வளவு பருமனாக இருந்தனர் என்பதைக் கொண்டு யாருக்கு இதயப் பயன் மிகும் என்று கணிக்க முடியவில்லை. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தவர்களுக்கே, அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதவர்களுக்கே, பயன் மிகுந்தது. ஆனால் 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு அறுவைக்குரியோரைத் தேர்ந்தது உடல் நிறை குறியெண்ணைக் கொண்டுதான், அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் எண்ணைக் கொண்டுதான்: 40க்கு மேல், அல்லது 35க்கு மேலிருந்து கடும் துணைநோயும் இருத்தல். எடை இயந்திரத்தை வாயிற்காவலனாக்கிய அந்த அளவுகோல், இதயத்தைப் பொறுத்தவரை தவறான இடத்தில் நின்றது என்றே கூற வேண்டும்.

சுவீடன் ஆய்வின் 2020ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அறுவை செய்துகொண்டோரின் ஆயுள் மற்றக் குழுவினரினும் 3 ஆண்டுகள் நீண்டது. பொது மக்களின் ஆயுளினும் அது இன்னும் 5.5 ஆண்டுகள் குறைவு.