முதல் ஊசி போட்ட இரவு

சிபிலிஸ் நோய்க்குத் தமிழில் பரங்கிப்புண் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூலும் அதைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிப்பிடுகிறது. பரங்கியரான போர்ச்சுக்கீசியர் வந்த கடல்வழியே வந்த நோய் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதே போர்ச்சுக்கீசியர் கைக்கு 1534இல் பம்பாய்த் தீவுகள் போயின. அன்றைய மருந்து பாதரசம்; கூடவே பரங்கிப்பட்டை. பாதரசத்தால் ஈறு வெந்தது, பல் ஆடியது, எச்சில் ஒழுகியது. மருந்தே நோயாளியை வதைக்கும் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் பம்பாயில் பாலியல் தொழிலாளிகள் பதிவு செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, நோய் கண்டால் பால்வினை நோய்க்கான 'லாக்' மருத்துவமனையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிடம் வந்துபோன சிப்பாய்க்கும் மாலுமிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. நோயை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்த சட்டம் அது. 1888இல் கைவிடப்பட்டது.

புண் ஆறிப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து நோய் மூளையில் தலைகாட்டுவதுண்டு. நினைவு தவறும், பேச்சு குழறும், தன்னைப் பெரிய கோடீஸ்வரன் என்று நம்பும் பைத்தியம் பிடிக்கும், கடைசியில் கைகால் முடங்கும். வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இது அரிது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுநாள் நம்பினார்கள். 1904இல் ஜாவாவுக்குப் போன மனநல அறிஞர் கிரேப்லினும் அப்படித்தான் கருதினார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்கும் வழக்கம் பரவாத இடத்தில் 'அரிது' என்ற சொல்லை அப்படியே நம்ப முடியாது.

மருந்து கொடுத்ததும் நோய் சட்டென்று ஏறுவதை 1895இல் ஆஸ்திரியாவின் யாரிஷ் பாதரச சிகிச்சையில் கண்டு எழுதினார். 1902இல் பிராங்க்ஃபர்ட்டின் ஹெர்க்ஸ்ஹைமர் மீண்டும் விவரித்தார். இருவர் பெயரும் இணைந்து அந்த எதிர்விளைவுக்கு நிலைத்துவிட்டது. 1910இல் எர்லிக்கின் சால்வர்சான் என்ற சிபிலிஸ் மருந்து விற்பனைக்கு வந்தபோது புதிய சிக்கல் முளைத்தது. ஓரிரு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குச் சில வாரங்களில் காது செவிடானது, முகம் ஒருபக்கம் கோணியது. மருந்திலுள்ள ஆர்செனிக்தான் நரம்பைக் கெடுக்கிறது என்று எர்லிக்கைத் தூற்றினார்கள். பெரும்பாலும் குற்றம் அரைகுறை சிகிச்சையுடையது: உடலின் மற்ற இடங்களில் ஒடுங்கிய கிருமி நரம்பில் தங்கி மறுபடி பெருகியது.

1917இல் வியன்னாவின் வாக்னர்-யௌரெக் மூளை சிபிலிஸ் நோயாளிகளுக்கு மலேரியா இரத்தத்தை ஏற்றிச் சிகிச்சையாகக் காய்ச்சல் வரவழைத்தார். 1927இல் நோபல் பரிசும் பெற்றார்.

1943இல் அமெரிக்காவில் மஹோனி பெனிசிலினால் சிபிலிஸைக் குணப்படுத்தினார். 1954இல் புனேக்கு அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டபின் அந்த மருந்து உள்நாட்டிலேயே உற்பத்தியானது. பழைய இடர் மட்டும் போகவில்லை. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர்நடுக்கம், காய்ச்சல், தலைவலி. பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். சாகும் கிருமிகளிலிருந்து வெளியேறும் கொழுப்புப் புரதங்கள் உடலின் அழற்சியைக் கிளப்புவதே காரணம். மூளையில் நோய் இருந்தால் வலிப்பு வரலாம், பிரமை முற்றலாம், அபூர்வமாகப் பக்கவாதமும் வரலாம். இதற்கு அஞ்சிய அக்கால மருத்துவர்கள் பிஸ்மத்தில் தொடங்கினார்கள், அல்லது பெனிசிலினையே சிறு அளவில் ஆரம்பித்தார்கள். பின்னாளில் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் வந்தது. அது காய்ச்சலைத் தணிக்கும்; ஆனால் மூளையைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

எல்லாப் பழியும் இந்த எதிர்விளைவின் தலையில் விழக்கூடாது. மூளை சிபிலிஸுக்கு நாளொன்றுக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட் பெனிசிலின் 10 முதல் 14 நாள் சிரைவழி ஏற்றப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு அந்த அளவே வலிப்பைத் தரும். புரோகெய்ன் பெனிசிலின் தவறி இரத்தக்குழாயில் இறங்கினால், இதோ செத்துவிடுவேன் என்ற பேரச்சமும் மாயத்தோற்றமும் சில நிமிடம் ஆட்டிவைக்கும். ஒவ்வாமை வேறு: அது பெரும்பாலும் நிமிடங்களில் வரும், தடிப்பும் மூச்சுத்திணறலுமாக. ஊசிக்குப் பிந்திய காய்ச்சலை ஒவ்வாமை என்று எழுதிவைத்துவிட்டால், அந்த நோயாளிக்குப் பிறகு வாழ்நாளெல்லாம் பெனிசிலின் மறுக்கப்படும்.

இன்றைய மும்பையில் இதே எதிர்விளைவுக்கு இன்னொரு வாசலும் உண்டு. எலிக்காய்ச்சலின் கிருமியும் சிபிலிஸ் கிருமியைப் போலச் சுருள்வடிவம் கொண்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கிய பிறகு எலிக்காய்ச்சல் பரவியது. தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் மழைக்காலத் தேங்குநீரில் நடப்பவர்களுக்கு அந்த நோய் இன்றும் வரக்கூடியது. அதற்கும் பெனிசிலின் மருந்தாகிறது. முதல் ஊசிக்குப் பின் சிலருக்கு அதே குளிர்நடுக்கம் வருகிறது.