பரம்பரையலகு

பரம்பரை + அலகு. இலங்கைப் பாடநூல்கள் ‘ஜீன்’ என்பதற்கு வழங்கும் சொல், தமிழ்நாட்டில் மரபணு. ‘ஜீன்’ என்ற பெயரை 1909இல் இட்டவர் டென்மார்க் தாவரவியலாளர் யோகான்சன். வேர், பிறப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘மரபணு’விலுள்ள ‘அணு’ பௌதிகவியலை நினைவூட்டும். ‘அலகு’ அந்த மயக்கம் தராது.

பரம்பரையலகு என்பது டீ.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. அவ்விழை சுருண்டு மடிந்து நிறமூர்த்தமாகிறது. மனித உடற்கலத்தில் 46 உண்டு. ஒரு தொகுதி டீ.என்.ஏ. முழுவதும் ஜீனோம்: மனிதரில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துச் சோடிகள், புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் சுமார் 20,000.

பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களில் பரம்பரையலகுகளின் விளைவைக் கண்ணால் காணலாம். விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி இலையின் அகலமும் கொழுந்தின் நிறமும் மாறும். ஒவ்வொரு விதையும் பரம்பரையலகுகளின் தனிச் சேர்க்கை. ஓர் இலையும் கணுவும் கொண்ட துண்டை நட்டு வளர்க்கும் வீ.பி. தேயிலையிலோ, ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு. தேயிலைக்கு நிறமூர்த்தம் 30தான். ஜீனோம் நீளமோ ஏறக்குறைய மனிதருடையதே.

மாணவர்கள் பரீட்சையில் ‘பரம்பரையலகு’ என்றே எழுதுக. தமிழக நூல்களில் ‘மரபணு’ என்று வந்தால் இதுவே எனக் கொள்க.