கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மையின் வயது: ஓசூர் எல்லைப்புறத்திலிருந்து ஒரு காலக்கணிப்பு

ஜவளகிரி வனச்சரகத்தின் காட்டைத் தாண்டினால் கர்நாடகம். பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் வலசை வரும் வழி அது. அந்தப் பக்கம், பெங்களூரு–மைசூரு சாலையில், மரப்பொம்மை கடையும் சென்னபட்டணா. இந்தப் பக்கம், வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஓசூர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஜவளகிரி இருப்பதுபோல, இரண்டு தொழில்களுக்கும் நடுவே காலத்தில் ஒரு பொம்மை நிற்கிறது. அழுத்தினால் உள்வாங்காது, தட்டினால் ஓசை வரும், படுக்க வைத்தால் கண் மூடும். சேகரிப்பாளர்கள் கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மை என்று பிரித்துச் சொல்வது இதைத்தான்.

மேலைநாடுகளில் இந்தப் பொம்மைகளை அடையாளம் காண விரிவான கையேடுகள் உண்டு. முதுகில் உள்ள பெயர், எண், ஆண்டு ஆகியவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தென்னிந்திய வீடுகளில் எஞ்சியிருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு இந்த வழி அதிகம் உதவாது. பலவற்றில் முத்திரையே இல்லை. இருக்கும் சிலவற்றிலும் அது திசைதிருப்புகிறது. பொம்மை எந்தப் பொருளால் ஆனது, எப்படி வார்க்கப்பட்டது, எந்தக் காகிதத்தோடு கிடைத்தது என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் வயது பிடிபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரமும் கற்பூர வாசமும்

பிளாஸ்டிக்குக்கு முன் இந்த வட்டாரத்தின் பொம்மை மரம்தான். சென்னபட்டணாவில் ஆலே மரம் எனப்படும் வெட்பாலையைக் கடைந்து, கடைசல் சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றுவார்கள். திருப்பதிப் பக்கத்திலிருந்து செஞ்சந்தன மரப்பாச்சி வந்தது. நவராத்திரிக்குத் தமிழ் வீடுகளில் கொலு. மைசூர் வழக்கத்தைப் பின்பற்றும் வீடுகளில் தசராப் பொம்மை வரிசை. மைசூர் அரண்மனையின் கொம்பே தொட்டியில் 19, 20ஆம் நூற்றாண்டுப் பொம்மைகள் இன்றும் காட்சிக்கு உள்ளன.

மரத்தின் இடத்தை முதலில் அசைத்தது செல்லுலாய்டு. பருத்தியிலிருந்து பெறும் செல்லுலோஸ் நைட்ரேட்டோடு கற்பூரத்தைக் கலந்து செய்யும் இந்தப் பொருளுக்கு அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹையட் 1870இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் மான்ஹைம் நகரின் ரைனிஷே நிறுவனம் ஆமை முத்திரையிட்ட செல்லுலாய்டு பொம்மைகளைப் பெருமளவில் செய்தது. பிறகு ஜப்பான் அந்தச் சந்தையைப் பிடித்தது. கற்பூர மரங்கள் நிறைந்த தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்ததும் அதற்குக் கைகொடுத்தது.

இந்த ஜப்பானியப் பொம்மைகளில் முத்திரை ஓரளவு உதவும். இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. 1921க்குப் பிறகு ‘நிப்பான்’ என்ற பெயரை அமெரிக்கா ஏற்கவில்லை. ‘ஜப்பான்’ என்றே பொறிக்க வேண்டியிருந்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற வாசகம் இருந்தால் பொம்மை போருக்குப் பிந்தியது, 1952க்கு முந்தியது. செல்லுலாய்டின் பெருங்குறை, அது சட்டென்று தீப்பற்றும். விளக்கேற்றி வைக்கும் கொலுப்படிக்கு ஏற்ற பொருள் அல்ல அது.

பதினைந்து ஆண்டு ஆட்சி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செல்லுலோஸ் அசிடேட், பாலிஸ்டைரீன் போன்ற பொருள்களும், அவற்றை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தும் இஞ்செக்‌ஷன் மோல்டிங் எந்திரங்களும் பொம்மைத் தொழிலுக்குக் கிடைத்தன. ஏறக்குறைய 1946 முதல் 1960 வரை கெட்டிப் பிளாஸ்டிக்கின் காலம். அமெரிக்காவில் ஐடியல் நிறுவனம் 1949இல் ‘டோனி’ என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. வீட்டிலேயே முடியைச் சுருட்டிக்கொள்ளும் டோனி பூச்சுக்கு விளம்பரமாகப் பிறந்த அந்தப் பொம்மையின் நைலான் முடியைச் சிறுமிகள் சர்க்கரைத் தண்ணீரால் சுருட்டி விளையாடினார்கள். அதன் உடலில் உள்ள பி-90 போன்ற எண்கள் அளவைக் குறிப்பவை: பி-90 என்றால் 14 அங்குலம், பி-93 என்றால் 21 அங்குலம். நியூயார்க்கில் மேடம் அலெக்ஸாண்டர், இங்கிலாந்தில் பெடிக்ரீ, ரோஸ்பட், ராடி, பாலிடாய் ஆகியவை இந்தக் காலத்தின் மற்ற பெரிய பெயர்கள்.

முடிவு உள்ளேயிருந்தே வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் தலையில் முடியைத் தைக்க முடியாது. விக்கை ஒட்ட வேண்டும், அல்லது முடியின் வடிவத்தையே அச்சில் வார்க்க வேண்டும். மென்மையான பி.வி.சி. வினைலில் ஊசியால் முடியைக் கொத்துக் கொத்தாகத் தைக்கலாம். சீவவும் பின்னவும் தாங்கும் முடிக்காகவே சிறுமிகள் வினைலை விரும்பினார்கள். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான பார்பி வினைல் காலத்தின் குழந்தை. அவளுக்கு முன்மாதிரியாக இருந்த ஜெர்மனியின் ‘பில்ட் லில்லி’யோ கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவள்.

இந்தியக் கால அட்டவணை

மேலைநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தினால் தப்பாகிவிடும். அங்கே கெட்டிப் பிளாஸ்டிக் ஓயத் தொடங்கிய நேரத்தில்தான் இங்கே அதன் மூலப்பொருளே உற்பத்திக்கு வந்தது. இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கியது 1957இல், குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீன் 1959இல், பி.வி.சி. 1961இல், அதிக அடர்த்திப் பாலிஎத்திலீன் 1968இல். அச்சு செய்யவும் எந்திரம் ஓட்டவும் ஆள் பயிற்றும் மத்திய நிறுவனமான சிப்பெட் சென்னையில் தொடங்கப்பட்டதும் அதே 1968இல்தான். ஆகவே, இங்கிலாந்தில் 1950 என்று மதிப்பிடத்தக்க தோற்றமுள்ள பொம்மை, இந்தியாவில் வார்க்கப்பட்டதாக இருந்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இளையதாக இருக்க வாய்ப்புண்டு.

சுதந்திரத்துக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டுப் பொம்மையை அரும்பொருளாக்கின. சிங்கப்பூர், மலாயா, இலங்கை, பின்னாளில் வளைகுடா என உறவினர் பெட்டியோடு வந்தவைதான் அதிகம். அவற்றில் ‘எம்பயர் மேட்’ என்ற முத்திரை தென்பட்டால் ஹாங்காங் என்று ஊகிக்கலாம்; 1950, 60களில் பிரிட்டிஷ் காமன்வெல்த் சந்தைக்கு அனுப்பிய சரக்கில் அங்குள்ள உற்பத்தியாளர்கள் பயன்படுத்திய வாசகம் அது.

1980களின் பிற்பகுதியில் காட்சி மாறியது. புளோ பிளாஸ்ட் குழுமத்தின் லியோ நிறுவனம் பார்பியின் உரிமையாளரான மேட்டலோடு சேர்ந்து பார்பியை இந்தியாவிலேயே செய்தது. சென்னையின் எம்.ஆர்.எஃப். 1987இல் ஹாஸ்புரோவோடு இணைந்து கோவாவில் பன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னாளில் ராணிப்பேட்டையிலும் அதற்கு ஆலை அமைந்தது. முத்திரை தரும் பெரிய குழப்பம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. இந்தியப் பார்பியின் முதுகில் 1966 என்று இருக்கும். பழம்பொருள் ஆசையில் பலர் அதையே பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இடுப்பு திரும்பும் உடல் வடிவத்துக்கான பதிப்புரிமை ஆண்டு. 1990களில் செய்த பொம்மைகளிலும் அதே ஆண்டு பொறிக்கப்பட்டது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பொருளைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூரம் மணந்தால் செல்லுலாய்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய சுவர் ஊடே ஒளி தெரியும். வினிகர் நெடி அடித்தால் செல்லுலோஸ் அசிடேட். நகத்தால் தட்டும்போது தகரம்போல் ‘ணங்’கென்றால் பாலிஸ்டைரீன். உடைந்து விழுந்த விரல்துண்டு இருந்தால் இன்னும் எளிது. பாலிஎத்திலீன் தண்ணீரில் மிதக்கும். பாலிஸ்டைரீன் தண்ணீரில் மூழ்கும், கெட்டியான உப்புக் கரைசலில் மிதக்கும். பி.வி.சி.யும் அசிடேட்டும் இரண்டிலும் மூழ்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் விட்டுவிட வேண்டும். பொம்மை செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும்.

அடுத்து வார்ப்பின் தடயங்கள். இங்கே ஓசூரின் தொழில் அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. 1970களில் சிப்காட் வளாகம், 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அதே பத்தாண்டில் டைட்டன் என்று பெரிய ஆலைகள் வர, அவற்றைச் சுற்றி அச்சு செய்யும் டூல்ரூம்களும் மோல்டிங் பட்டறைகளும் வளர்ந்தன. அங்கே வேலை பார்க்கும் ஒரு ஃபிட்டர், அச்சின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைன் எங்கே ஓடுகிறது, பிளாஸ்டிக் நுழைந்த கேட் எது, எஜெக்டர் பின் எங்கே தள்ளியது என்று பாகத்தைப் பார்த்தே சொல்வார். பொம்மையிலும் அதே தடயங்கள்தான். விலாவோடு இரண்டு பாதிகளை ஒட்டிய தையல் தெரிந்தால், இஞ்செக்‌ஷனில் வார்த்து இணைத்த கெட்டிப் பிளாஸ்டிக். ஒட்டிய தடம் இல்லாமல், அடியில் மட்டும் கிள்ளி மூடிய தழும்பு இருந்தால், காற்றடித்து ஊதிய பாலிஎத்திலீன். ஓசூர் சந்திரசூடேசுவரர் தேருக்கும் தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி தேருக்கும் போடும் கடைகளில் தொங்கும் மலிவுப் பொம்மைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

முடியையும் கண்ணையும் கடைசியில் பார்க்கலாம். தைத்த முடி என்றால் தலை வினைல். மூடித் திறக்கும் கண்ணுக்குப் பின்னால் ஒரு எடைக்கட்டி இருக்கும். ஆட்டினால் சத்தம் வரும். கை கால்களை உள்ளே எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டியிருந்தால் பழைய முறை. எலாஸ்டிக் புதிதாக இருப்பது குறை அல்ல, நைந்ததை மாற்றிக் கட்டுவது வழக்கமே.

பெட்டியும் பில்லும்

மாநிலமும் மாவட்டமும் பெயர் மாறிக்கொண்டே இருந்த எல்லைப்புறத்துக்கு ஒரு வசதி உண்டு. அட்டைப் பெட்டியில் அச்சான முகவரியும் கடைப் பில்லின் ரப்பர் முத்திரையும் இங்கே கால ஆவணங்கள். ஓசூர் வட்டம் 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம், பிறகு தர்மபுரி, 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. மதராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு ஆனது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1இல் கர்நாடகம் ஆனது. விலை ‘நயா பைசா’வில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது.

இவற்றைப் பயன்படுத்துவதில் ஒரு நிதானம் வேண்டும். புதிய பெயர் உறுதியான தொடக்க எல்லையைத் தரும்; 1973க்கு முன் யாரும் பெட்டியில் மாநிலப் பெயராகக் கர்நாடகம் என்று அச்சிட்டிருக்க மாட்டார்கள். பழைய பெயர் அப்படி உறுதியான இறுதி எல்லையைத் தராது. அச்சடித்த அட்டை தீரும்வரை கடைக்காரர் அதையே பயன்படுத்துவார். கொலு முடிந்து பொம்மையைச் சுற்றி வைத்த செய்தித்தாளின் தேதியும் அப்படித்தான்: கடைசியாக எப்போது எடுத்து வைத்தார்கள் என்பதைக் காட்டுமே தவிர, எப்போது வாங்கினார்கள் என்பதை அல்ல. கொலுவின் கீழ்த்தளத்தில் பூங்கா, மிருகக்காட்சிசாலை என்று அமைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பொம்மைகள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்து சேர்வதால், ஒரே டிரங்குப் பெட்டியில் உள்ளவை எல்லாம் ஒரே வயது என்று கொள்வதும் பிழை.

வீணாகும் விதம்

பிளாஸ்டிக் மக்காது என்பது மண்ணுக்குச் சொன்னது. அலமாரிக்குள் அது மெல்லச் சிதைகிறது. செல்லுலோஸ் அசிடேட் சிதையும்போது அசிடிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அதன் ஆவி பக்கத்துப் பொம்மையையும் தொற்றும், கண்ணின் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். உடல் சுருங்கி, வெடித்து, வளையும். வினைலில் வேறு சிக்கல்: மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்து பிசுபிசுக்கும்.

வெப்பமும் ஈரமும் இரண்டையும் விரைவுபடுத்தும் என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் மேட்டுநிலம் சென்னையைவிடச் சேகரிப்புக்கு ஏற்றது. வினிகர் நெடி உள்ள பொம்மையைத் தனியே, காற்றோட்டமாக, சாயமில்லாப் பருத்தித் துணியில் வைக்க வேண்டும். பாலித்தீன் உறையில் மூடிக் கட்டக் கூடாது. கொலுப் பெட்டிக்குள் போடும் அந்துருண்டையின் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். கறை போக நெயில் பாலிஷ் நீக்கியைத் தொட்டால் அதிலுள்ள அசிட்டோன் முகத்தையே கரைத்துவிடும். ஈரத் துணியும் மென்மையான சோப்பும் போதும். கண்குழிக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசலும் நகலும்

முத்திரையற்ற இந்தியப் பொம்மைகளைப் பற்றி இனி நடக்க வேண்டிய ஆய்வு அச்சுகளைப் பற்றியது. எவை இங்கேயே செதுக்கிய அச்சில் வந்தவை, எவை வெளிநாட்டுப் பொம்மையைப் பிரதியெடுத்த அச்சில் வந்தவை? இதற்கும் டூல்ரூமில் விடை உண்டு. பாலிஸ்டைரீன் ஆறும்போது ஏறக்குறைய 0.4 முதல் 0.7 விழுக்காடு சுருங்கும். அச்சுத் தொழிலாளி அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுவார். ஆனால் ஏற்கெனவே ஆறிச் சுருங்கிய பொம்மையை வைத்து, அளவைக் கூட்டாமல் அச்சு எடுத்தால், நகல் இன்னொரு முறை சுருங்கி அசலைவிடச் சிறியதாகும். 50 மில்லிமீட்டர் பாதத்தில் இந்த வேறுபாடு கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் காலிப்பரால் அதைத் தாராளமாக அளக்கலாம். முழு உயரத்தை அளப்பதில் பயனில்லை, எலாஸ்டிக்கின் இறுக்கம் அதை மாற்றிவிடும். அசிடேட் பொம்மைகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவும் கூடாது. வயதாலேயே சுருங்கும் பொருளில், நகலின் சுருக்கத்தையும் மூப்பின் சுருக்கத்தையும் பிரித்தறிய வழியில்லை.